எலும்பு தெரியும் இறக்கை: ஒளி ஊடுருவும் ஃபிலிம் போர்த்தி ஒரு மாதிரி விமானம்

ரேடியோவால் பறக்கவிடும் மாதிரி விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு பழைய ஆதங்கம் உண்டு. பால்சா மரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, மாதக்கணக்கில் ஓர் எலும்புக்கூட்டைச் செய்வோம். கடைசி நாளில் அதன்மேல் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் அடர் நிற ஃபிலிமைப் போர்த்தியதும் அத்தனை உழைப்பும் உள்ளே போய்விடும். ஒளி ஊடுருவும் ஃபிலிம் போர்த்தினால் அந்தக் குறை இல்லை. விமானம் தலைக்கு மேல் வெயிலை மறித்துத் திரும்பும்போது இறக்கையின் விலா எலும்புகளான ரிப்புகள் ஒவ்வொன்றும் நிழலாக வரிசை கட்டித் தெரியும். இவ்வளவு பாடும் அந்த ஒரு காட்சிக்காகத்தான்.

ஆனால் ரிப் தெரிந்தால், ரிப்பில் வழிந்த பசையும் தெரியும். என் முதல் ஒளி ஊடுருவும் இறக்கையில் எந்த ரிப் எங்கே என்று குழம்பாமலிருக்க 1, 2, 3 என்று பால்பாயிண்ட் பேனாவால் விளிம்போரம் எழுதி வைத்திருந்தேன். போர்த்தி இஸ்திரி போட்டதும் 7 என்ற எண் ஊதா நிறத்தில் கசிந்து, ஃபிலிமின் பசையோடு பரவி நின்றது. அந்த இறக்கை இருந்தவரை பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஏழாம் நம்பர் எதற்கு?" என்பதுதான். கவரிங் நகை மாதிரி உள்ளே இருப்பதை மறைக்கிற கவரிங் இல்லை இது. இந்த வகை விமானத்தில் போர்த்தும் வேலை முதல் ரிப்பை வெட்டும் அன்றே தொடங்கிவிடுகிறது.

எந்த விமானம்?

அசலிலேயே உள்கட்டு தெரிந்த விமானங்கள் நிறைய உண்டு. 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோ 11 போன்ற ஆரம்பகால விமானங்களின் துணியில் நிறம் கிடையாது. வெயிலில் ரிப்புகள் நிழலாடும். 1930களின் கிளைடர்களும் அப்படித்தான். குரூனாவ் பேபி போன்றவற்றின் துணிக்கு நிறமில்லாத வார்னிஷ் மட்டும் பூசியிருப்பார்கள். 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் காலால் மிதித்தே அதே கால்வாயைக் கடந்த காசமர் ஆல்பட்ராஸ், தலைமுதல் வால்வரை மைலார் ஃபிலிம் போர்த்தியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் எதிரி கண்ணில் படாமலிருக்க, செல்லான் என்ற ஒளி ஊடுருவும் தாளை லிங்கே-ஹோஃப்மன் ஆர்-1 என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்துக்குப் போர்த்திப் பார்த்தார்கள். அது வெயிலில் பளபளத்து இன்னும் நன்றாகக் கண்ணில் பட்டது, நாள்பட மஞ்சளாகவும் மாறியது. ஒளி ஊடுருவும் விமானம் மறைந்துவிடும் என்று நினைத்துப் போர்த்தினார்கள். நமக்கோ அது மறைந்துவிடக்கூடாது என்பது கவலை. அதைப் பறக்கவிடும் இடத்தில் சொல்கிறேன்.

இந்த ஃபிலிமுக்குப் புதியவருக்கு என் பரிந்துரை இவற்றில் எதுவும் இல்லை, பைப்பர் ஜே-3 கப். 1938 முதல் 1947 வரை கிட்டத்தட்ட 20,000 கட்டப்பட்ட விமானம். வரைபடத்துக்கும் படங்களுக்கும் பஞ்சமே இல்லை. இறக்கை மேலே இருப்பதால் தானாக நிமிரும் குணம் உண்டு. அதன் யூஎஸ்ஏ-35பி என்ற இறக்கைக் குறுக்குவெட்டு வடிவத்தின் அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டை. பலகையில் வைத்து நேராகக் கட்டலாம், ஃபிலிம் போர்த்துவதும் எளிது. அசல் கப்பின் மஞ்சள் துணி ஒளி ஊடுருவாது என்பது உண்மை. போட்டிக்குக் கொண்டுபோனால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். போட்டிக்குப் போகும் வரை ஊடுருவும் மஞ்சளே போடுங்கள், அழகு அதில்தான்.

ஒரு எச்சரிக்கை: இதுவே உங்கள் முதல் விமானமாக இருக்க வேண்டாம். சிமுலேட்டரிலும் ஒரு நுரை விமானத்திலும் கை பழகிய பிறகு வாருங்கள். நுரை விமானம் விழுந்தால் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம். இது விழுந்தால் இரண்டு மாதம் போய்விடும்.

அளவும் எடையும்

அசல் கப்பின் இறக்கை நீளம் 10.74 மீட்டர். 1:7 அளவில் கட்டினால் 1.53 மீட்டர் வரும். கையாள வசதியான அளவு. எடைக் கணக்கு ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டியது. நீளம் 7 மடங்கு குறைந்தால் பரப்பு 49 மடங்கும், எடை 343 மடங்கும் குறையும். முழுச் சுமையோடு அசல் 553 கிலோ. 343-ஆல் வகுத்தால் 1.6 கிலோ. இறக்கைப் பரப்பு 16.6 சதுர மீட்டர் சுருங்கி 34 சதுர டெசிமீட்டராகிறது. 1.6 கிலோவிலும் பறக்கும்தான், ஆனால் கொஞ்சம் வேகமாக. 1.1 கிலோவுக்குள் முடித்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 32 கிராம்தான் வரும். கப் மாதிரியே சோம்பலாக மிதந்து போகும்.

அதனால் பால்சா வாங்கும்போது ஒவ்வொரு தாளையும் எடை போட்டு எடுங்கள். ஒரே அளவுத் தாள்களில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு கனமாக இருப்பது சாதாரணம். லேசானது வாலுக்கு, கெட்டியானது இறக்கை நடுப்பகுதிக்கு. கப்புக்கு மூக்கு குட்டை என்பதால் வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஃபிலிம் வழியாகத் தெரியப்போவதால் நிறத்தையும் பாருங்கள். ஒரு ரிப் வெளிர் வெள்ளை, அடுத்தது பழுப்பு என்று இருந்தால் வெயிலில் பல்வரிசையில் சொத்தை மாதிரி தெரியும். ரிப்புகளை வெட்டியதும் வரிசையாக அடுக்கி, வேறுபட்டதை நடுப்பகுதிக்கோ மெல்லிய பால்சாத் தாள் (மரத்தாள்) ஒட்டி மூடிய இடத்துக்கோ தள்ளிவிடுங்கள்.

கட்டும்போது கண் வைக்க வேண்டியவை

வரைபடத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, தட்டைப் பலகையில் ஊசி குத்தி இறக்கையைக் கட்டுவது எல்லா மாதிரிக்கும் பொதுவான முறை. அதை விளக்கப்போவதில்லை, உங்கள் வரைபடத்தோடு வரும் குறிப்பு போதும். ஒளி ஊடுருவும் ஃபிலிமுக்காக மாறுவதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பசை. அவசரக்காரர்களுக்குப் பிடித்தது சூப்பர் க்ளூ. அது மரத்துக்குள் ஊறி, ஈரம் பட்ட மாதிரி கருத்த திட்டாக நிற்கும். காய்ந்த பிறகு மரத்தைவிடக் கடினமாகிவிடுவதால் உப்புத்தாள் அதைச் சுற்றியுள்ள மரத்தைத்தான் தின்னும், பசை மேடாகவே நிற்கும். ரிப்பும், இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பான ஸ்பாரும் சேரும் இடங்களுக்கு மரவேலைக்கான வெள்ளைப் பசையோ மஞ்சள் பசையோ போதும். ஒரு பல்குச்சி நுனியில் எடுத்துத் தடவி, பிதுங்கியதை உடனே ஈரமான பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். இறக்கை உடம்போடு சேரும் இடம், சக்கரத் தாங்கி, மோட்டார் பலகை ஆகிய மூன்றுக்கும் எபாக்ஸி என்ற இரண்டு பாகம் கலந்து போடும் கெட்டிப் பசை.

அடுத்து குறியீடுகள். பேனா, மார்க்கர் எதுவும் மேசைப் பக்கமே வரக்கூடாது. மென்மையான பென்சில், அதுவும் பிறகு தேய்த்து எடுக்கும்படி லேசாக. லேசரால் வெட்டிய பாகங்களின் விளிம்பில் கரி இருக்கும்; சிலருக்கு அந்தக் கருவிளிம்பு பிடிக்கும், ரிப்பைக் கோடு போட்டு எழுதிக் காட்டும். எனக்குப் பிடிக்காது. எப்படியானாலும் பசை பிடிக்கும் மேல் விளிம்புக் கரியை எடுத்துவிடுங்கள். கரிமேல் பசை சரியாக ஒட்டாது, வெள்ளைப் பசையும் சரி, ஃபிலிமின் பசையும் சரி.

இறக்கையிலும் வாலிலும் உள்ள தகடுகளை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்களின் வயர்கள்தான் பலர் மறப்பது. மற்ற விமானங்களில் உள்ளே எப்படியோ கிடக்கும் வயர், இங்கே கொடிக்கயிறு மாதிரி தொங்குவது தெரியும். ரிப்புகளை ஒட்டும் முன்பே ஸ்பாருக்குப் பின்னால் ஓட்டை போட்டு, தாளைச் சுருட்டிய குழாயை உள்ளே விட்டு, வயரை அதன் வழியே எடுத்துச் செல்லுங்கள். குழாய் நேராக ஸ்பாரோடு ஒட்டி ஓடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கடைசியில் தேய்ப்பு. நீளமான தட்டைக் கட்டையில் ஒட்டிய 180 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 240, 320 என்று வந்து 400-இல் முடியுங்கள். விரலில் தாளைச் சுற்றித் தேய்த்தால் ரிப்புகளுக்கு நடுவே குழி விழும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்; கண் விட்டுவிடுவதை உள்ளங்கை விடாது. அப்புறம் தூசி. வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, லேசாக ஈரமான துணியால் துடைத்து, ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் வேறு அறையில் போர்த்துங்கள். ஃபிலிமைப் பின்தாளிலிருந்து உரிக்கும்போது நிலைமின்சாரம் உண்டாகி, அறையில் உள்ள தூசியையும் முடியையும் இழுத்துக்கொள்ளும். ஃபிலிமுக்கு அடியில் மாட்டிய ஒரு தலைமுடியை வெளியே எடுக்க வழியே இல்லை.

எந்த ஃபிலிம்?

பொதுவாக மூன்று வழிகள். பழைய வழி: டிஷ்யூ தாளும், அதன்மேல் பூசி இறுக்கும் டோப் என்ற வார்னிஷும். அழகில் அதை மிஞ்ச ஒன்றில்லை, ஆனால் கிழியும், டோப்பின் நெடியும் தாங்காது. சின்ன விமானங்களுக்கு விட்டுவிடலாம். இரண்டாவது, பசையில்லாத மெல்லிய மைலார். 5 மைக்ரான் தடிமனில் ஒரு சதுர மீட்டர் வெறும் 7 கிராம். அறைக்குள் பறக்கும் விமானங்களுக்கு அருமை, கப்புக்குப் போதாது. மூன்றாவது, அடியில் பசை பூசி வரும், சூட்டில் சுருங்கும் பாலியெஸ்டர் ஃபிலிம். ஓராகவர், மோனோகோட் போன்ற பெயர்களில் வருவது இதுதான். வழக்கமான வகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம். இதைவிட லேசான வகைகளும் உண்டு. ஊடுருவும் நிறங்களில் நிறமிப் பொடி குறைவு என்பதால் அதே வகையின் அடர் நிறத்தைவிட எடை கொஞ்சம் குறையும். முதல் தடவைக்கு வழக்கமான வகையே வாங்குங்கள். லேசானவை சூடு கொஞ்சம் கூடினாலும் மன்னிக்காது.

இஸ்திரி

இதற்கென்று சின்ன இஸ்திரி விற்கிறது. அதன் அடிப்பாகத்துக்கு ஒரு பருத்திச் சாக்ஸ் மாட்டிவிட்டால் கீறல் விழாது. பசை உருகுவது 100 டிகிரி செல்சியஸ் அளவில். ஃபிலிம் நன்றாகச் சுருங்குவது 140, 150-ஐ ஒட்டி. வகைக்கு வகை மாறும் என்பதால் சுருளோடு வரும் தாளைப் படியுங்கள். இஸ்திரியின் திருகில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். மிச்சமான பால்சாவில் ஒரு சின்ன சட்டம் செய்து, அதில் ஒரு துண்டு போர்த்திப் பழகுங்கள். எந்தச் சூட்டில் ஒட்டுகிறது, எதில் இறுகுகிறது, எதில் ஓட்டையாகிறது என்று மூன்றையும் அந்தச் சட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அடிப்பக்கத்தில் தொடங்குங்கள். மேல்பக்கம் கடைசியில் வந்தால் மூட்டு அடியில் போய்விடும், மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. சுற்றிலும் 4 செ.மீ. அதிகம் விட்டு வெட்டுங்கள். ஊடுருவும் ஃபிலிமின் பின்தாளும் பெரும்பாலும் கண்ணாடி மாதிரியே இருக்கும். எது ஃபிலிம், எது தாள் என்றே தெரியாது. மூலையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு செல்லோடேப் ஒட்டி இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் பிரிந்துவிடும். பிரிக்க மறந்து பின்தாளோடேயே இஸ்திரி போட்டவர்கள் உண்டு. நான் யாரையும் சொல்லவில்லை.

விரித்து, சுருக்கமில்லாமல் கையால் இழுத்து, குறைந்த சூட்டில் உடம்புப் பக்க ரிப்பின் நடுவில் ஒரு புள்ளி ஒட்டுங்கள். பிறகு நுனிப் பக்கம் இழுத்து ஒரு புள்ளி. அடுத்து முன்விளிம்பின் நடுவில், பின்விளிம்பின் நடுவில். இப்படி எதிரெதிராக ஒட்டிக்கொண்டே மூலைகளுக்குப் போக வேண்டும். ஒரு ஓரத்தை முழுதும் ஒட்டிவிட்டு அடுத்த ஓரத்துக்குப் போனால் மூலையில் மடிப்பு சேர்ந்து நிற்கும். சுற்றளவு முழுதும் ஒட்டிய பிறகே உள்ளே இறுக்கும் சூடு.

முன்விளிம்பில் மரத்தாள் ஒட்டியிருந்தால் அங்கே கவனம் அதிகம் தேவை. மரத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மாட்டும் காற்று, அடர் நிறத்தில் சின்னக் கொப்புளம். ஊடுருவும் நிறத்தில் வெள்ளித் திட்டு. ஸ்பார் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக இஸ்திரியைத் தள்ளி, காற்றை ஓட்டிக்கொண்டே போங்கள். மீந்த கொப்புளத்தை மெல்லிய ஊசியால் குத்தி, சூடு காட்டி, துணியால் அழுத்தினால் படிந்துவிடும்.

மூட்டுகள் எப்போதும் மரத்தின் மேல் வரட்டும், 5 மி.மீ. போதும். இரண்டு ஊடுருவும் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று வந்தால் அந்த இடம் அடர்ந்த பட்டையாகத் தெரியும்; அகலம் ஒழுங்காக இருந்தால் அது வடிவமைப்பு, ஏறுமாறாக இருந்தால் கைப்பிழை. மிச்சத்தை வெட்டப் புது பிளேடு எடுங்கள், ஓர் இறக்கைக்கு இரண்டு மூன்று பிளேடு ஆகும். முக்கியமாக, ஸ்பாரின் மேல் வைத்து வெட்டாதீர்கள். ஒரு மி.மீ. ஆழக் கீறல் போதும், இறக்கை பிறகு அந்தக் கோட்டில்தான் ஒடியும்.

இறுக்கும்போது மேலும் கீழும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டுங்கள். ஒரே பக்கம் முழுதும் இறுக்கினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முடித்ததும் தட்டையான மேசையில் வைத்து நான்கு மூலையும் படிகிறதா பாருங்கள். முறுக்கு இருந்தால் பயப்பட வேண்டாம்: ஒருவர் எதிர்ப்பக்கமாகச் சற்று அதிகமாகவே திருகிப் பிடிக்க, இன்னொருவர் இரண்டு பக்கமும் சூடு காட்டி, ஆறும் வரை விடாமல் வைத்திருந்தால் அப்படியே நிற்கும். இதே வழியில் நுனியின் பின்விளிம்பை 2 டிகிரி மேலே திருப்பி வைத்தால் மெதுவாகப் பறக்கும்போது நுனி சட்டென்று சரியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே வைப்பது

1.1 கிலோ கப்புக்கு 200 வாட் தரும் பிரஷ்லெஸ் மோட்டார் தாராளம். 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 30 ஆம்பியர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, 9 கிராம் சர்வோ நான்கு. பேட்டரியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்னால் தள்ளுங்கள். சமநிலைப் புள்ளி இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் வர வேண்டும். 1:7 கப்பின் அகலம் ஏறக்குறைய 229 மி.மீ.; முதல் பறப்புக்கு 60 மி.மீ.யில் வையுங்கள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் மூக்கு சற்றுத் தாழ்ந்து நிற்கட்டும். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும்; வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும்.

கண்ணில் படுவதும் பறப்பதும்

ஒரு மாலை, என் மஞ்சள் கப் மேற்கே 150 மீட்டர் தள்ளித் திரும்பியது. வெயில் அதன் பின்னால். இறக்கை முழுக்க ஒளி நிறைந்து வானத்தோடு கரைந்துவிட்டது. உடம்பின் கறுப்புக் கோடு மட்டும் மிச்சம். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் வலப்பக்கம் குச்சியைத் தள்ளினேன், மூக்கு கவிழத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்துவிட்டு இரண்டு குச்சியையும் விட்டேன். கப் தானாகவே நிமிர்ந்து கொடுத்தது. அன்றிரவே இறக்கையின் அடியில் இரண்டு நுனிகளுக்கும் அடர் கறுப்புப் பட்டை ஒட்டினேன். நீங்கள் போர்த்தும்போதே ஒட்டிவிடுங்கள்: மேலும் கீழும் வேறு வேறு அமைப்பு, நுனிகள் ஒளி புகாத நிறம். ரிப்பின் அழகு நடுப்பகுதியில் இருக்கட்டும்.

பறக்கும் முன் உங்கள் பகுதி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்; பல நாடுகளில் 250 கிராமைத் தாண்டினால் பதிவு வேண்டும், 120 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. காற்று மெலிதாக இருக்கும் காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் குச்சி தள்ளினால் வலது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலே ஏற வேண்டும்; இதைத் தரையில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ரேடியோ தூரச் சோதனையும் அப்போதே.

காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, வாலின் கிடைத் தகடான எலிவேட்டரைக் கொஞ்சம் மேலே பிடித்து, மூன்று விநாடியில் மெதுவாக வேகம் ஏற்றுங்கள். விமானம் இடப்பக்கம் இழுக்கும். வாலின் நிமிர்ந்த தகடான ரட்டரை வலப்பக்கம் திருப்பி நேராக்குங்கள். வால் எழுந்ததும் எலிவேட்டரை விட்டுவிட்டால் கப் தானாகவே மிதந்துவிடும், இழுத்துத் தூக்காதீர்கள். திருப்பங்களில் ஏலரானோடு அதே பக்கம் ரட்டரையும் சேர்த்துக் கொடுங்கள். நீளமான இறக்கையில் கீழிறங்கும் ஏலரான் பின்னிழுப்பதால் ரட்டர் இல்லாமல் திருப்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் போகும். நல்ல உயரத்தில் ஒரு தடவை வேகத்தைக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கை தாங்க முடியாமல் விமானம் தளர்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் இறக்கும்போது பதற்றம் இருக்காது. அசல் கப் மணிக்கு 61 கி.மீ. அளவில் தளரும், இந்த அளவில் எடை சரியாக வந்தால் அது மணிக்கு 20 கி.மீ.யை ஒட்டி இருக்கும். ஓட்டமாக ஓடினால் கூடவே போகலாம்.

வெயிலும் கிழிசலும்

விமானத்தை வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள். ஃபிலிம் ஒளியை உள்ளே விட்டுச் சூட்டைப் பூட்டிக்கொள்ளும். மூட்டுகள் தளரும், லைப்போவுக்கும் நல்லதில்லை. மூடிய கார் இன்னும் மோசம். மழைக்காலம் கழிந்து மரம் காயும்போது ஃபிலிம் தொய்வது சகஜம், இஸ்திரியைக் குறைந்த சூட்டில் ஒரு தடவை ஓட்டினால் இறுகிவிடும்.

கிழிந்தால் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். அடர் நிறத்தில் ஒரு சின்னத் துண்டை ஒட்டிவிட்டுப் போகலாம். இங்கே அந்தத் துண்டு இரட்டை அடுக்காகி வெயிலில் கருத்த கட்டமாகத் தெரியும். ஆகவே கிழிந்த இடம் ஒரு விரல் அளவே ஆனாலும், இந்த ரிப்பிலிருந்து அந்த ரிப் வரை, ஸ்பாரிலிருந்து பின்விளிம்பு வரை ஃபிலிமை மொத்தமாக எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்துக்குப் புதிதாகப் போர்த்துங்கள். ஓரம் ரிப்பின் மேலேயே வருவதால் மூட்டு தெரியாது. வாங்கும்போதே அதே சுருளில் அரை மீட்டர் கூடுதலாக வாங்கி, இருட்டான அலமாரியில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் வாங்கும் மஞ்சள் இந்த மஞ்சளோடு ஒத்துப்போகாது.